மாத்திரை போட்டால் சாமி கோவித்துக்கொள்ளுமா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 39 வயசு. பீடி சுத்துறேன். வீட்டுக்காரர் கொத்தனார், பீடி குடிப்பார். ரெண்டு மாசத்துக்கு முந்தி காலையில பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிஞ்சுட்டார். வலது கையும் காலும் வரலை, வாய் கோணிப் போச்சு. மந்திரிச்சுப் பாத்துட்டு சாயங்காலந்தான் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தலையில ரத்தக்குழாய் அடைப்புன்னாங்க. இப்போ வீட்டுல இருக்கார். பக்கத்து வீட்டு அக்கா நல்லவங்க, ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க ஒருத்தர், ‘நீ மாத்திரைய நம்புதியா, கர்த்தர நம்புதியா’ன்னு கேட்டார். எங்க அத்தை குலதெய்வக் குத்தம்ங்காங்க. ஜோசியர் பரிகாரத்துக்கு 18,000 ரூபாய் கேக்கார். ஒரு வாரமா மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கொடுக்கேன். அவர் யாருகிட்டயும் பேசுறதில்ல, அழுதுகிட்டே கெடக்கார். ‘என்னைய ஆத்துல தள்ளிட்டுப் போயிரு’ங்கார். நெல்லுக்கு வேலி போட்ட நெல்லையப்பர் சாமிக்கு எங்க வீடு தெரியலையா டாக்டரம்மா? ஒரு மாசமா வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏத்தலை. எனக்கு நம்பிக்கை பத்தலையா?”

தங்கச்சி,

முதலில் மாத்திரை. சாமி விஷயத்தை அப்புறம் பேசுவோம். அவர் காத்திருப்பார், பிரஷர் காத்திருக்காது.

இன்றைக்கே சீட்டில் எழுதியிருக்கிறபடி முழுசாகக் கொடுக்க ஆரம்பியுங்கள். விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டு இரண்டாகக் கொடுத்துவிட வேண்டாம். நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்து, ஒரு வாரமாக விட்டுவிட்டுக் கொடுத்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த மருந்துச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருக்கிறது. மூலையில் விபூதி விரல் தடம். சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் எடுக்கிறீர்கள் போல. அதில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. ரத்தம் குழாய்க்குள் கட்டியாகாமல் இருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாடின், பிரஷருக்கு அம்லோடிபின். இந்த மூன்றில் எதுவும் விழுந்துபோன கையைத் தூக்கிவிடாது. இன்னொரு தடவை அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. இதை ஆஸ்பத்திரியில் யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே இருக்கிற கூட்டத்தில் நேரமும் இருந்திருக்காது. அதனால்தான் ‘மாத்திரை சாப்பிட்டும் கை வரலியே’ என்று பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் அபாயம் முதல் சில மாதங்களில்தான் அதிகம். நீங்கள் இப்போது அந்த மாதங்களில் இருக்கிறீர்கள்.

சரி, இனி சாமி.

‘மாத்திரையை நம்புகிறாயா, கர்த்தரை நம்புகிறாயா’ என்று கேட்டாரே, அந்தக் கேள்வியே எனக்குச் சம்மதமில்லை. குறுக்குத்துறைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோவில். தாமிரபரணியில் வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் அங்கே என்ன செய்கிறார்கள்? உற்சவரைத் தூக்கிக் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். உண்டியல், பூசைச் சாமான் எல்லாம் மேலே ஏறும். மூலவர் மட்டும் தண்ணீருக்குள்ளே இருப்பார். 2023 டிசம்பரில் ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளத்திலும் கோவில் முங்கியது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி பூசையை ஆரம்பித்தார்கள். ‘முருகன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று உற்சவரையும் ஆற்றோடு விட்டால்தான் நம்பிக்கை என்று அவர்களிடம் யாராவது சொல்ல முடியுமா? தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்க முடியாததை அவரிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். கடவுளை நம்புவது என்று நான் நினைப்பது இவ்வளவுதான். உங்களால் தூக்க முடிந்தது மாத்திரை, கைப்பயிற்சி, ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் எவ்வளவு தூரம் தேறுவார் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அதை ஒப்படைப்பதற்குத்தான் உங்களுக்கு ஒரு சாமி வேண்டியிருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். களக்காடு தாண்டி டோனாவூர் இருக்கிறதே, அங்கே 1901 முதல் இருந்து, கோவிலுக்கு நேர்ந்துவிட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார் அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931-ல் குழியில் விழுந்து அடிபட்டார். 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருக்காக ஜெபிக்க ஆளா இல்லை? அந்த வளாகம் முழுக்க அவர் வளர்த்த பிள்ளைகள். அந்த அம்மாவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று திருநெல்வேலிச் சீமையில் எந்தச் சபை ஐயராவது பிரசங்கம் செய்வாரா? டோனாவூரில் ஆஸ்பத்திரி வந்ததும் அவர் காலத்தில்தான். சபைகளே ஆஸ்பத்திரி நடத்தும் ஊர் நம்முடையது. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்தவராக எனக்குத் தெரியவில்லை.

ஜெபத்துக்குப் போவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஒரு மணி நேரம் யாரோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து அழுகிறார்கள். அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. அங்கே போனால் குலதெய்வம் கோவிக்குமோ, இங்கே விளக்கேற்றினால் அங்கே ஆகாதோ என்றெல்லாம் போட்டுக் குழம்பாதீர்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு எத்தனை சாதி, எத்தனை மதத்து ஜனம் நேர்ந்துகொண்டு போகிறது, பார்க்காதவரா நீங்கள்?

ஜோசியருக்குக் கொடுக்க 18,000 ரூபாய் கடன் வாங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஆனால் அத்தை பேச்சை அடியோடு தள்ளிவிடவும் வேண்டாம். பெற்ற பிள்ளை படுத்துக் கிடக்கும்போது அந்த அம்மாவுக்குத் தன்னால் செய்ய முடிந்ததாக ஏதாவது ஒன்று வேண்டும். குலதெய்வக் கோவிலில் ஒரு பொங்கல் விட்டுவிட்டு வாருங்கள். அரிசியும் வெல்லமும் விறகும்தான் செலவு. ‘குத்தம்’ என்ற பேச்சை மட்டும் அவர் காதுபடப் பேசக் கூடாது என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். காரணமாகத்தான் சொல்கிறேன். கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த வயதான நோயாளிகளை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து 2001-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ‘கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்’ என்ற எண்ணத்திலேயே ஊறிக் கிடந்தவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்துபோயிருந்தார்கள். படுத்திருப்பவர் பக்கத்தில் நின்று பாவம், சாபம், குத்தம் என்று பேசுவது வெறும் பேச்சில்லை. ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த அடைப்புக்குக் காரணம் என்னவென்று கேட்டால், பார்க்காமல் விட்ட பிரஷரும் பீடியும் என்றுதான் நான் சொல்வேன். வீட்டில் தட்டு நிறையத் தூளும் இலையும் வைத்துக்கொண்டு அவரைக் குடிக்காதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. அந்தப் பீடிதான் இப்போது அடுப்பெரிய வைக்கிறது, அதுவும் தெரிகிறது. முடிந்தால் தட்டைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அவர் இருக்கும் அறையில் சுற்ற வேண்டாம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் அழுதுகொண்டே இருப்பதும் பேசாமல் கிடப்பதும் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வரிதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அடிபட்டது மூளை. அழுகையும் சோர்வும் அங்கிருந்தும் வரும், வேலைக்குப் போன மனுஷன் படுத்துவிட்டதாலும் வரும். அவருக்கு வைராக்கியம் இல்லை, சாமி நம்பிக்கை இல்லை என்று அர்த்தமே கிடையாது. இதற்கு மருந்து இருக்கிறது. சில வாரங்களில் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். மனசு தேறினால்தான் பயிற்சிக்கும் உடம்பு வளையும். அதே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது அங்கேயும் ஒரு சீட்டுப் போடுங்கள்.

‘ஆத்துல தள்ளிரு’ என்பதைச் சும்மா சலிப்பில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘செத்துப் போயிரலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. பெரும்பாலும் கேட்டதும் மனசு இளகிப் பேசத்தான் ஆரம்பிப்பார்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆமாம், செத்துவிடத்தான் தோன்றுகிறது என்று அவர் சொன்னால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கோபம். விளக்கேற்றவில்லை என்று என்னவோ குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கொடையில் பார்த்திருப்பீர்களே. மேளம் உச்சத்தில் இருக்கும், சாமியாடுகிற கோமரத்தாடி ஆடி வருவார், எதிரே ஒரு கிழவி போய் நின்று மறித்துக்கொள்வாள். ‘ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எம் பிள்ளைய ஏன் இப்படிப் போட்ட?’ என்று கேட்பாள். பக்கத்தில் நிற்கிற யாரும் அவளை நம்பிக்கை கெட்டவள் என்று விரட்டுவதில்லை. சாமி அவள் நெற்றியில் திருநீறு பூசி, பதில் சொல்லி அனுப்புகிறது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று நினைக்கிறவள்தான் அப்படி மறித்துக்கொண்டு கேட்பாள். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள், என்ன, எனக்குக் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

நெல்லுக்கு வேலி போட்ட சாமிக்கு எங்கள் வீடு தெரியவில்லையா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. பிரஷர், பீடி என்று நான் காரணம் சொல்லலாம். அதே பிரஷரும் அதே பீடியும் இருக்கிற எதிர்வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் விழிப்பேன். பதில் தெரியும் என்று யாராவது வந்து சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்தக் கதையை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வேதசர்மா வீடு வீடாகப் போய் வாங்கிவந்த நெல் அது. காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர், மழை இறங்கியதும் அடித்துப் பிடித்து ஓடி வருகிறார். நெல் நனையவில்லை என்பது அவர் வந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது. வேலி இருக்கும் என்று தெரிந்து அவர் ஓடிவரவில்லை.

விளக்கு ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் இஷ்டம். கோபம் தணிந்த பிறகு ஏற்றினால் போதும். ஏற்ற ஆரம்பித்தால் மாத்திரை டப்பாவை விளக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். விளக்கேற்றும் நேரம் மாத்திரை நேரம் என்று வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் மாத்திரை தவறுவது குறைவு. விபூதி வைத்துவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தண்ணீரையும் கொடுங்கள்.

கைக்கு வருகிறேன். இதில் அவசரம் உண்டு. முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக மீண்டு வரும், ஆறு மாதம் வரை நல்ல முன்னேற்றம் இருக்கும், அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக. அதனால் ‘அமாவாசை போகட்டும், ஆடி போகட்டும்’ என்று தள்ள வேண்டாம். 2021-லிருந்து நடக்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டு நடக்காவிட்டால் மறுபடி கேளுங்கள். கை தோள்வரை எழும்புகிறது, விரல்தான் மடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறி அது. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். முதல் நாள் ஒன்றுகூட வராது, இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும். கொஞ்ச நேரம், ஆனால் ஒரு நாளில் பல தடவை. ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அவரை எழுப்பி உட்கார வைக்கும்போது வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்குங்கள்.

எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொக்கணம் என்கிற பிடித்துவிடும் வைத்தியம், எண்ணெய் எல்லாம் முறையாக அங்கே உண்டு. போய்க் காட்டுங்கள், இந்த மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், இதை நிறுத்தாதீர்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னால் வேண்டாம். புறாவாவது பிழைத்துப் போகட்டும்.

மறுபடி வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ மந்திரிக்கப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பிரயோசனம். போன தடவை சாயங்காலம் ஆகிவிட்டதை நினைத்து மறுகிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பார்கள். மந்திரிக்க ஆசையாக இருந்தால் மந்திரிக்கிறவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள். பீடிக்கடையில் உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் குடும்பத்தில் ஒருவருடைய வைத்தியத்துக்காக அதிலிருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருந்தால், வாதத்தால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு என்ன உதவி உண்டு என்று கேளுங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று அவரிடமே விசாரியுங்கள். படுத்திருக்கிற மனுஷனிடம் வீட்டு விஷயம் ஒன்றைக் கேட்பது நல்லதுதான்.

நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். ஜெபத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற அக்கா இதற்கும் வருவார், கூப்பிடுங்கள். வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்து முடித்ததும் நர்ஸம்மாவிடம் உங்கள் கையையும் நீட்டிவிடுங்கள். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவு என்ன என்பதையும் சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள்.